ஒரு படி ஏற ஏழு வருடம்



சென்ற காலாண்டில் நம் பி பிளாக் லிப்ட் ஒன்பது நாள் நின்றுபோனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காய்கறிப் பையோடு ஐந்தாம் மாடி வரை ஏறியவர்களுக்கு முழங்கால் இன்னும் ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும். அந்த ஒன்பது நாளில் ஒரு மாலை, மூன்றாம் மாடித் திருப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா சுவரில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. பையை வாங்கிக்கொண்டு, "மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டேன். "மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா. படி கண்ணுக்குத் தெரியுது, காலுக்குத்தான் நம்பிக்கை வரலை" என்றார்.

காலுக்கு நம்பிக்கை வருவது என்றால் என்ன? இந்தக் கேள்விக்குத் தன் வேலைக்காலத்தின் பெரும்பகுதியைக் கொடுத்த ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் இருக்கிறார். ஜப்பான்காரர். பெயர் மசாதோ ஹிரோசே. ஆசிமோ என்ற வெள்ளை ரோபோவை டிவியிலோ யூடியூபிலோ பார்த்திருப்பீர்கள்: முதுகில் பையும் தலையில் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி இருக்கும். அதைச் செய்த ஹோண்டா குழுவில் வடிவமைப்பின் முன்னணியில் நின்றவர் அவர். இந்த இதழில் அவருடைய கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கடைசியில் நம் படிக்கட்டுக்கே திரும்பி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சித்திரக் கதையில் ஆரம்பம்

நமக்கு ரோபோ என்றால் 'எந்திரன்' சிட்டி. ஜப்பானில் ஹிரோசேயின் வயதுக்காரர்களுக்கு ரோபோ என்றால் அட்டம். ஒசாமு தெசுகா என்ற சித்திரக் கதை மேதை 1952ல் தொடங்கிய தொடர் அது. 1963 புத்தாண்டு தினத்தில் தொலைக்காட்சிக்கும் வந்துவிட்டது. சின்னப் பையன் உருவம், நல்ல மனசு, மலை போன்ற பலம். உலகின் மற்ற பகுதிகளில் ஆஸ்ட்ரோ பாய் என்று அறியப்படுவதும் அவன்தான்.

1986ல் ஹோண்டா நிறுவனம், டோக்கியோவை ஒட்டிய சைதாமா மாகாணத்தில் வாகோ என்ற ஊரில் அடிப்படை ஆராய்ச்சிக்காகவே ஒரு மையம் திறந்தது. மோட்டார் சைக்கிளும் காரும் செய்கிற கம்பெனி, உடனே விற்கிற சரக்கைப் பற்றிக் கவலைப்படாமல் தூரத்து விஷயங்களைச் செய்து பார்க்க ஒதுக்கிய இடம் அது. அதே வருடம் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் ஹிரோசே. அவருக்குச் சொல்லப்பட்ட வேலை, சுருக்கமாக, அட்டம் மாதிரி ஒன்றைச் செய்வது.

நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம்? முகத்திலிருந்தோ கையிலிருந்தோ ஆரம்பித்திருப்போம். அவர்கள் காலிலிருந்து ஆரம்பித்தார்கள். காரணம் எளிமையானது. மனிதர்களோடு ஒரு வீட்டில் புழங்க வேண்டிய இயந்திரம், மனிதர் போகும் இடத்துக்கெல்லாம் போகவேண்டும். வாசற்படி இருக்கும், மாடிப்படி இருக்கும், தரையில் சாமான் கிடக்கும். வீடு முழுக்க மனித உடம்பின் அளவுக்குக் கட்டப்பட்டது. சக்கரம் வைத்த பெட்டி அங்கே முதல் வாசற்படியிலேயே நின்றுவிடும்.

இந்த வேலை வெளியுலகத்துக்குத் தெரியாமல் பத்து வருடம் நடந்தது. வெளியே பேச முடியாது, பாராட்டும் கிடைக்காது, முடியுமா என்பதும் தெரியாது. பத்து வருடம் என்பது நம் பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போகும் காலம்.

ஒரு அடிக்கு ஐந்து விநாடி

முதலில் செய்த இயந்திரத்துக்கு ஈ-0 என்று பெயர். பெயர்தான் ரோபோ. உண்மையில் இரண்டு கால்களும், அவற்றைச் சேர்க்கும் ஒரு பெட்டியும் மட்டும்தான். அது நேர்க்கோட்டில் நடந்தது. ஒரு அடி எடுத்து வைக்க ஏறத்தாழ ஐந்து விநாடி ஆனது.

ஏன் இவ்வளவு மெதுவாக? நீங்களே செய்து பார்க்கலாம். எழுந்து நின்று, மிக மிக மெதுவாக ஒரு காலைத் தூக்குங்கள். தூக்குவதற்கு முன்பே உடம்பு மற்றக் கால் பக்கம் சாய்ந்திருக்கும். உடம்பின் எடை முழுவதும் ஊன்றிய பாதத்துக்கு நேர் மேலே வந்தபிறகுதான் அடுத்த கால் கிளம்பும். ஈ-0 அப்படித்தான் நடந்தது. எந்த நொடியில் நிறுத்தினாலும் விழாது. ஆனால் அப்படி நடந்தால் வாசலில் பால் பாக்கெட் எடுக்கப் போய்வருவதற்குள் பால் திரிந்துவிடும்.

நாம் அப்படி நடப்பதில்லை. ஒவ்வொரு அடியிலும் முன்னால் விழப்போகிறோம். விழுவதற்குள் அடுத்த கால் போய்த் தாங்கிக்கொள்கிறது. நடை என்பதே தடுக்கப்பட்ட விழுதல்களின் வரிசைதான். ஹிரோசேயின் குழு மனிதர் நடப்பதையும் விலங்குகள் நடப்பதையும் கூர்ந்து பார்த்தது. மனிதக் காலில் எந்த மூட்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு எடை தாங்குகிறது என்று அளந்தது. கால் விரல்கள் இல்லாமலும் சமாளிக்கலாம். ஆனால் குதிகாலும் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுப் பகுதியும் உடம்பைத் தாங்க மிகவும் முக்கியம் என்று கண்டார்கள். கணுக்கால் மூட்டு இல்லாவிட்டால் தரையைத் தொட்டுவிட்டோம் என்ற உணர்வே சரியாகக் கிடைக்காது என்பதும் தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா சொன்ன நம்பிக்கை இருக்கிறதே, அதில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

அவர்கள் வெறும் கையோடு தொடங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். டோக்கியோவில் உள்ள வசேதா பல்கலைக்கழகத்தில் இச்சிரோ கடோ என்ற பேராசிரியரின் குழு 1973லேயே வாபோட்-1 என்ற முழு மனித உருவ ரோபோவைச் செய்திருந்தது. அதற்கும் முன்னால், 1960களின் கடைசியில், யுகோஸ்லாவியாவின் பெல்கிரேடில் மியோமிர் வுகோப்ராடோவிச் என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர், நடக்கும் இயந்திரம் எப்போது விழும், எப்போது விழாது என்பதற்கு ஒரு கணக்கு கண்டுபிடித்தார். இன்றும் மனித உருவ ரோபோ செய்பவர்கள் அந்தக் கணக்கைப் படிக்காமல் இருக்க முடியாது.

பஸ்ஸில் நிற்கும் கணக்கு

அந்தக் கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மாநகரப் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டிருக்கிறீர்கள். டிரைவர் பிரேக் போடுகிறார். உங்கள் மேல் இப்போது இரண்டு இழுப்புகள்: பூமி கீழே இழுக்கிறது, போய்க்கொண்டிருந்த வேகம் முன்னால் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு சாய்ந்த கோடாகிறது. அந்தக் கோடு தரையைத் தொடும் புள்ளி உங்கள் பாதங்களுக்குள் இருக்கும்வரை நிற்பீர்கள். பாதத்தின் விளிம்புக்கு வந்தால் தடுமாற்றம். அதைத் தாண்டப் போனால் பக்கத்து ஆளின் காலை மிதித்து மன்னிப்புக் கேட்பீர்கள். கண்டக்டர்களைப் பாருங்கள், கம்பியைத் தொடாமலே டிக்கெட் கிழிப்பார்கள். அந்தப் புள்ளியைப் பாதத்துக்குள்ளேயே வைத்திருக்க அவர்களுடைய இடுப்பும் கணுக்காலும் பழகிவிட்டன.

இந்தப் பழக்கத்தை உலோகத்துக்குக் கற்றுக்கொடுத்ததுதான் ஹோண்டா குழுவின் சாதனை. அதை மூன்று பாடமாகப் பிரித்தார்கள்.

முதல் பாடம் பாதத்துக்கு. தரையில் சின்ன மேடு பள்ளம் இருந்தால் பாதம் அதை உணர்ந்து, கணுக்காலை லேசாகத் திருப்பித் தரையை அழுத்தி, நிலையாகத் தாங்கவேண்டும். இதற்காகக் கணுக்காலுக்கு அருகே, தரை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறது என்று அளக்கும் சென்சார் வைத்தார்கள். அதிர்ச்சி தாங்க ரப்பரும் வைத்தார்கள்.

இரண்டாம் பாடம் உடம்புக்கு. முன்னால் விழப்போகும்போது நாம் என்ன நினைப்போம்? உடம்பைப் பின்னால் இழுக்கவேண்டும் என்றுதானே? ரோபோவோ அப்போது மேல் உடம்பை விழும் திசையிலேயே இன்னும் வேகமாகத் தள்ளுகிறது. தள்ளினால் எதிர்த் திசையில் ஒரு விசை பிறக்கும். நம் பஸ் சட்டென்று கிளம்பும்போது நம்மைப் பின்னால் தள்ளுமே, அதுதான். அந்த விசை விழப்போன உடம்பைத் திரும்ப நிமிர்த்துகிறது.

மூன்றாம் பாடம் அடுத்த காலுக்கு. உடம்பு எதிர்பார்த்ததைவிட முன்னால் போய்விட்டால், அடுத்த அடியையும் அதற்கேற்ப எட்டி வைக்கவேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. இதை ஒரு அடிக்குள், ஒவ்வொரு அடிக்கும், மோட்டாரும் பல்சக்கரமும் கம்ப்யூட்டரும் சேர்ந்து செய்யவேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக ஈ-1, ஈ-2, ஈ-3 என்று மாதிரிகள் வந்தன. ஈ-2 முதன்முறையாக மனிதரைப் போல, விழுந்து தாங்கும் நடை நடந்தது, மணிக்கு 1.2 கிலோமீட்டர். ஈ-4 மணிக்கு 4.7 கிலோமீட்டரை எட்டியது. நாம் காலையில் காம்பவுண்டைச் சுற்றும் வேகம். 1993ல் ஈ-6 வந்தபோதுதான் படி ஏறுவது, இறங்குவது, தடையைத் தாண்டுவது எல்லாவற்றிலும் சமநிலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலை வந்தது.

1986 முதல் 1993 வரை. நம் வீட்டுக் குழந்தை இரண்டு வயதில் சுவரைப் பிடித்துச் செய்யும் ஒரு காரியத்துக்கு, தேர்ந்த இன்ஜினியர்களுக்கு ஏழு வருடம் ஆனது.

210 கிலோ மனிதன்

கால் தயாரானதும் உடம்பு வைத்தார்கள். முதல் மாதிரியான பி-1 ஆறடிக்கு மேல் உயரம், 175 கிலோ எடை. 1996 டிசம்பரில் ஹோண்டா தன் ரகசியத்தை உடைத்து உலகத்துக்குக் காட்டியது பி-2. உயரம் 182 சென்டிமீட்டர், எடை 210 கிலோ. கம்ப்யூட்டர், பேட்டரி எல்லாம் முதுகுப் பெட்டிக்குள்ளேயே இருந்ததால் வெளியிலிருந்து ஒயர் எதுவும் இல்லை. பேட்டரி தாங்கியது கால் மணி நேரம். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் அது நடந்தது, திரும்பியது, படி ஏறியது, வண்டி தள்ளியது, தள்ளிவிட்டாலும் சமாளித்து நின்றது. இந்தத் துறையில் வருடக்கணக்காக உழைத்துக்கொண்டிருந்த மற்ற ஆராய்ச்சியாளர்கள் திகைத்துப்போனார்கள். வசேதாவின் கடோ அதைப் பார்க்கவில்லை. அவர் 1994லேயே காலமாகிவிட்டார்.

அறிவிப்பதற்கு முன் ஹோண்டாவுக்கு ஒரு தயக்கம் இருந்தது. மனிதனைப் போல ஒன்றைச் செய்வது தெய்வக் குற்றமாகப் பார்க்கப்படுமோ என்று கருதி, வாடிகன் வரை ஆள் போய்க் கருத்துக் கேட்டார்கள். எதிர்ப்பு வரவில்லை. அதன்பிறகே திரை விலகியது.

ஆனால் ஒரு விஷயத்தை நீங்களும் நானும் உடனே கேட்போம். 210 கிலோ இரும்பு ஆள் நம் ஹாலில் நடந்தால் எப்படியிருக்கும்? தடுமாறி நம் பாட்டி மேல் விழுந்தால்? 1997ல் பி-3 வந்தபோது உயரம் 160 சென்டிமீட்டர், எடை 130 கிலோவாகக் குறைந்தது. 2000 நவம்பரில் வந்த ஆசிமோ வெறும் 120 சென்டிமீட்டர். எடை பி-2வின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

அந்த 120 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது தெரியுமா? வீட்டின் லைட் சுவிட்ச், கதவுக் கைப்பிடி, மேஜை ஆகியவை எட்டவேண்டும். நாற்காலியிலோ கட்டிலிலோ உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக அதன் முகம் இருக்கவேண்டும். அதாவது, முடியாதவர் ஒருவர் அண்ணாந்து பார்க்காமல் பேசக்கூடிய உயரம். ஒரு மெக்கானிக்கல் டிராயிங்கில் இருக்கும் ஒற்றை எண்ணுக்குள் இத்தனை யோசனை. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நடையும் மாறியிருந்தது. பழைய ரோபோக்கள் திரும்ப வேண்டுமென்றால் மனப்பாடம் செய்த நடை முறைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கவேண்டும். ஆசிமோ திரும்புவதற்கு முன்பே எடையை உட்பக்கம் சாய்த்துக்கொள்ளக் கற்றிருந்தது. சைக்கிளில் வளைவு திரும்பும் பையன் செய்வது போல. 2004 டிசம்பரில் அது ஓடியது; ஒவ்வொரு எட்டிலும் இரண்டு பாதமும் 0.05 விநாடி தரையில் படாமல் இருந்தன. 2011ல் வந்த மாதிரி மணிக்கு 9 கிலோமீட்டர் ஓடியது.

மேடையும் இருட்டும்

அதன்பின் ஆசிமோ உலகப் புகழ். 2002ல் நியூயார்க் பங்குச் சந்தையின் மணியை அடித்தது. 2008ல் டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுவை நடத்தியது. 2014ல் டோக்கியோவின் மிராய்கான் அருங்காட்சியகத்தில் அமெரிக்க அதிபர் ஒபாமாவுக்குப் பந்தை உதைத்துக் கொடுத்தது.

இன்னொரு நாளும் உண்டு. 2006 டிசம்பரில் டோக்கியோவில் ஒரு நிகழ்ச்சி. ஆசிமோ பார்வையாளர் முன் படி ஏறிக்கொண்டிருந்தபோது கால் பிசகி விழுந்தது. விளக்கை அணைத்து, ஆட்கள் ஓடிவந்து மறைப்பு வைத்தார்கள். அந்த வீடியோவை உலகமே பார்த்துச் சிரித்தது. இருபது வருடம் கழித்தும் அதே மாடிப்படி. அந்த இருட்டில் நின்ற இன்ஜினியர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. லிப்ட் நின்ற ஒன்பது நாளும் நம் நிர்வாகக் குழுச் செயலாளரின் முகத்தைப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் புரியும்.

அதைவிடப் பெரிய சோதனை 2011 மார்ச்சில் வந்தது. பூகம்பமும் சுனாமியும் தாக்கி ஃபுகுஷிமா அணு உலைகள் சீர்கெட்டன. மனிதர் நுழைய முடியாத கதிர்வீச்சு. ஆசிமோவை அனுப்ப முடியாதா என்று ஜப்பானிய மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அனுப்ப முடியவில்லை. அது வழுவழுப்பான தரைக்கும் அளந்து வைத்த படிக்கும் பழகியது. இடிபாட்டுக்கும் கதிர்வீச்சுக்கும் செய்யப்பட்டதல்ல. அங்கே முதலில் உள்ளே போனவை பீரங்கி வண்டி போலப் பட்டைச் சக்கரத்தில் ஓடும் அமெரிக்க ரோபோக்கள். ஹோண்டா பிறகு ஒரு அரசு ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, ஆசிமோவில் கற்றதை வைத்து, உயரமான இடங்களை எட்டிப் பார்க்கும் ஒரு ரோபோவைச் செய்தது. 2013ல் அது இரண்டாம் உலைக் கட்டடத்துக்குள் வேலை செய்தது. அதற்கும் கால் இல்லை, பட்டைச் சக்கரம்தான்.

2022 மார்ச்சில் ஆசிமோ தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தி ஓய்வு பெற்றது. ஒரு வீட்டுக்குக்கூட அது வேலைக்காக விற்கப்படவில்லை.

அப்படியானால் வீணா?

இந்த இடத்தில் சிலர், "இத்தனை வருடம், இத்தனை பணம், கடைசியில் காட்சிப் பொருளா?" என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. இரண்டு பதில் சொல்லத் தோன்றுகிறது.

முதலாவது, இன்று உங்கள் செல்பேசியில் குட்டிக்கரணம் அடிக்கும் ரோபோக்கள் வேறு கம்பெனிகளின் வேறு வழிகளில் வந்தவைதான். ஆனாலும் இரண்டு காலில் ஒரு இயந்திரம் வீட்டுப் படி ஏற முடியும் என்பதை 1996லேயே கண்ணால் காட்டி, இது ஆகிற காரியம் என்று மற்றவர்களை நம்பவைத்தது பி-2.

இரண்டாவது பதில் எனக்கு இன்னும் நெருக்கமானது. மனித நடையை அளந்து அளந்து சேர்த்த அறிவிலிருந்து ஹோண்டா 1999லேயே வேறொரு வேலையைத் தொடங்கியது: நடக்கச் சிரமப்படும் மனிதர் இடுப்பிலும் தொடையிலும் கட்டிக்கொள்ளும் ஒரு துணைக் கருவி. அது நடையை உணர்ந்து, தொடையைத் தூக்கும்போதும் பின்னால் தள்ளும்போதும் லேசாகக் கைகொடுக்கும். 2015 முதல் ஜப்பானில் மருத்துவமனைகளுக்கும் மறுவாழ்வு மையங்களுக்கும் வாடகைக்குப் போனது. இரும்பு ஆளுக்கு நடை கற்றுக்கொடுக்கக் கிளம்பியவர்கள், நடை மறந்த மனிதருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்கு வந்தார்கள்.

இப்போது நம் படிக்கட்டு. படியில் ஏற ஒரு இயந்திரத்துக்கு எவ்வளவு தேவை என்று பார்த்தீர்கள்: தரையை உணரும் பாதம், சாய்வை உணரும் உடம்பு, நொடிக்கு நொடி கணக்கு. வயதாகும்போது நமக்குக் குறைவது இவைதான். பாதத்தின் உணர்வு மங்குகிறது, கணுக்கால் இறுகுகிறது, சுதாரிக்கும் வேகம் குறைகிறது. பக்கத்து வீட்டு அம்மா சொன்னது புலம்பல் அல்ல. மிகச் சரியான மெக்கானிக்கல் ரிப்போர்ட்.

ஹிரோசேயின் குழு படிக்கு ஏற்றபடி உடம்பை மாற்றப் பார்த்தது. ஏழு வருடம் ஆனது. நமக்கு அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது: உடம்புக்கு ஏற்றபடி படியை மாற்றலாம். பி பிளாக் படிக்கட்டின் சுவர்ப் பக்கம் இரண்டாவது கைப்பிடி, மூன்றாம் மாடித் திருப்பத்தில் எரியாத விளக்கு, படி விளிம்புகளில் நிறம் தெரியும் வழுக்காத பட்டை, கேட் அருகே சாய்தளம். நான்கும் சென்ற வருடப் பொதுக்குழுவில் பேசப்பட்டு, "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்ற குறிப்போடு நிற்கின்றன. அடுத்த கூட்டம் அடுத்த மாதம்தான். தயவுசெய்து வாருங்கள், கை தூக்குங்கள்.

அதுவரை, இன்று மாலை லிப்ட் வேலை செய்தாலும் ஒரே ஒரு மாடி மட்டும் படியில் ஏறிப் பாருங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. உங்கள் பாதம் ஒவ்வொரு படியிலும் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். வழியில் யாராவது சுவரில் கை ஊன்றி நின்றால், நீங்களும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.